கேட்டால் தரும் மூடி

பாலிஷம்மா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். தெருமுனைக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் பழைய வெள்ளிப் பட்டறையில் அவளுக்கு வேலை. விரல் இடுக்கிலெல்லாம் சிவப்புப் பாலிஷ் பொடி ஏறிப்போய், எந்தச் சோப்புக்கும் மசியாமல் உட்கார்ந்திருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். இடம் தாராளமாகக் கிடைத்ததே என்று அவளும் காலை நீட்டிக்கொள்வாள்.

அதிகம் பேசமாட்டாள். பேசாத பெண் என்றால் சாதுவான பெண் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவளைப் பற்றி அப்படி நினைத்தவர்கள் பாதிக் கிணறுதான் தாண்டினார்கள். யார் எப்போது என்ன சொன்னார்கள், சொல்லும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்பினார்கள், சொல்லிவிட்டுச் சிரித்தார்களா என்பதெல்லாம் அவளுக்குள் அழியாமல் இருக்கும். பதில்தான் அப்போது வராது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது வரும். அதற்குள் சொன்னவர் போயிருப்பார்.

பட்டறைக்கு வருகிற பழைய சாமான்களில் டீ கெண்டிகள்தான் அதிகம். மூக்கு ஒடுங்கியது, கைப்பிடி ஆடுகிறது, கீல் தளர்ந்து மூடி தொங்குகிறது என்று ஒவ்வொன்றும் ஒரு குறையோடு வரும். ஒடுக்கு எடுக்கிறவர் எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பார். பட்டறையில் அவரைச் சுத்தியல் என்றுதான் சொல்வார்கள். தட்டுகிற வேலை கையோடு நிற்காமல் அவருடைய வாய்க்கும் வந்துவிட்டது.

"மூஞ்சியைப் பாத்துப் பேசு பாலிஷம்மா. என் தாடைக்கு அடியில என்ன முத்திரையா குத்தியிருக்கு, அங்கேயே பாக்குற?" என்பார்.

முத்திரை பார்க்கிற பழக்கம் அவளுக்கு அப்படி ஊறிவிட்டது. நல்ல பழைய வெள்ளி என்றால் அடியில் வரிசையாக நான்கு முத்திரை இருக்கும். வெள்ளி சுத்தம் என்பதற்கு ஒரு சிங்கம். சோதித்த ஊருக்கு ஒரு சின்னம். வருஷத்துக்கு ஓர் எழுத்து. செய்தவருக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகள். கெண்டியாக இருந்தால் மூடியின் உள்பக்கத்திலும் சிங்கமும் செய்தவர் முத்திரையும் இருக்க வேண்டும். மூடி தனியாகக் கழன்றுபோகிற பொருள். அது இந்தக் கெண்டியோடு பிறந்ததா, பிற்பாடு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதா என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் முத்திரை மழுங்கி மறைந்துவிடும். அதனால் தேய்க்கும்போதெல்லாம் அவளுடைய இடது கட்டைவிரல் முத்திரையின் மேல் மூடிக்கொண்டு நிற்கும்.

செய்தவர்கள் எல்லாரும் செத்து மண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பட்டறையில் அவர்களை அடுத்த தெருக்காரர்கள் மாதிரிதான் பேசுவார்கள். முதலெழுத்துகளுக்கு நடுவில் புள்ளி வைத்தவர் புள்ளிக்காரர். நட்சத்திரம் வைத்தவர் நட்சத்திரக்காரர். "புள்ளிக்காரர் கீல் பாரு, இன்னும் சிணுங்கல" என்று சுத்தியல் பாராட்டுவார். உயிரோடு இருக்கிற யாரையும் அவர் அப்படிப் பாராட்டியதில்லை.

பாலிஷம்மாவின் வீட்டில், சட்டைப் பித்தான்கள் போட்டு வைக்கும் டப்பாவுக்குள், மெத்தென்ற துணியில் சுற்றி, ஒரு வெள்ளி மூடி இருந்தது. புள்ளிக்காரர் மூடி. அதன் கெண்டி தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூன்றாம் மாடியில், அவளுடைய அக்கா வீட்டில் இருந்தது.

அது அம்மாவின் கெண்டி. அம்மா ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த வீட்டார் வேறு ஊருக்குப் போகும்போது, மூட்டை கட்டச் சோம்பல்பட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. அம்மாவின் கடைசி வருஷங்கள் பாலிஷம்மாவோடுதான் கழிந்தன. கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு வாய்க்கவில்லை. வாய்த்ததெல்லாம் அம்மாவின் மருந்தும் வெந்நீரும்தான். அக்கா சாயங்கால வேளைகளில் வருவாள். அம்மாவின் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, "ஏம்மா, இவ உனக்குத் தலைகூட வாரி விடலையா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அப்போது பாலிஷம்மா பட்டறையில் கழுவித் துடைக்கிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முத்திரை கித்திரை எதுவும் தெரியாது. அம்மாவின் கெண்டிக்குக் கீல் ஆடுகிறதே என்று ஆணியைக் கழற்றி, மூடியை மட்டும் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தாள். சரி செய்து கொண்டுவருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அக்கா அலமாரியைத் திறந்தாள். கெண்டியை எடுத்து அம்மாவின் போர்வையிலேயே சுற்றினாள்.

"இது எனக்குன்னு அம்மா சொல்லியிருக்கா."

"எப்ப சொன்னா?"

"நீ பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தப்ப."

அதற்கும் பதில் அப்போது வரவில்லை. அக்கா படியிறங்கிப் போய்விட்டாள். மூடி இல்லை என்பது வீட்டுக்குப் போய்ப் பிரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு ஆள் அனுப்புவாள் என்று பாலிஷம்மா எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர் வீட்டில் யாரோ விருந்தாளிகள். அக்கா கெண்டியிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கெண்டியின் வாயில் ஒரு சாசர் கவிழ்ந்திருந்தது.

சுத்தியல் குடியிருந்ததும் அந்தக் கட்டடத்திலேயே. அக்காவுக்குக் கீழ் மாடி. இரண்டு பக்கத்துக்கும் தூது போகிற வேலையை யாரும் சொல்லாமல் அவராகவே எடுத்துக்கொண்டார்.

"உங்க அக்கா சொல்றாங்க, அந்த மூடியை நீயே தலையில கவுத்துக்கிட்டுத் திரியணுமாம்."

"கேட்டா தருவேன்னு சொல்லுங்க."

மறுநாள் வந்தார். "சொல்லிட்டேன். 'கேக்குறதா? அவகிட்டயா?' அப்படின்னு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாரு. மாவு மில் ஓடுற மாதிரி."

அன்றிலிருந்து பாலிஷம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரு வேலை வந்துவிட்டது. அக்கா படியேறி வந்து கேட்க வேண்டும். "மூடியைக் கொடு" என்று கேட்டால் போதும். கேட்ட உடனே கொடுத்துவிடுவாள், அதில் பொய்யில்லை. ஆனால் கேட்க வேண்டும். அம்மாவின் தலையை வாரிவிட்டது யார், கெண்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தாள். அக்காவின் கணவர் இறந்தபோது போய் வாசலில் நின்றுவிட்டு வந்தாள். அன்றும் அக்கா கேட்கவில்லை. அக்காவின் மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். அப்போதும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. சாசர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பூப்போட்டது உடைந்து வெள்ளை வந்தது, வெள்ளை உடைந்து நீலக்கரை வந்தது.

முத்திரைகளைப் படிக்கத் தெரிந்த பிறகு அவள் லீவு நாளில் டப்பாவைத் திறந்து மூடியைப் புரட்டிப் பார்ப்பாள். சிங்கம். இரண்டு எழுத்து. நடுவில் ஒரு புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே அந்தப் புள்ளியைச் சொல்வாள். அப்படியானால் கெண்டியும் புள்ளிக்காரர் செய்ததுதான் என்று அவளுக்கு நிச்சயம். புள்ளிக்காரர் கெண்டியின் தலையில் சாசரைக் கவிழ்த்து வைத்திருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று எதிர் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் சுத்தியல் மேசையில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"விஷயம் தெரியுமா? உங்க அக்கா வீட்டைக் காலி பண்றாங்க. மகன்கூடவே போய் இருந்துடப் போறாங்களாம். கட்டில், பீரோ எல்லாம் விலை பேசியாச்சு."

பாலிஷம்மா கையில் ஒரு சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தாள். முதலாளி வந்து அதைப் பிடுங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் முத்திரையின் மேல் இல்லை. சிங்கத்துக்கு முகம் போயிருந்தது.

"என்னம்மா இது? வேலைக்கு வந்த நாள்லகூட நீ இப்படிப் பண்ணினதில்லையே! உன்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவளுக்கு அந்தத் திட்டு காதில் ஏறவில்லை. அக்கா போய்விட்டால் அப்புறம் யார் வந்து கேட்பது? வெறும் ஜன்னலா வந்து கேட்கும்?

அந்த வாரமே தரகர் வந்தார். பழைய சாமான் வாங்கி விற்கிறவர். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை முதலாளியின் முன்னால் வைத்துப் பிரித்தார். பாலிஷம்மா தன் இடத்திலிருந்தே பார்த்தாள். மூக்கு நுனியில் ஒரு சின்ன வெட்டு. கறுப்பு மரக் கைப்பிடியில் கட்டைவிரல் வைக்கிற இடம் தேய்ந்த பள்ளம். அம்மாவின் கட்டைவிரல்.

"நல்ல பழசு," என்றார் தரகர். "மூடி மட்டும் இல்ல. அந்தம்மாகிட்ட கேட்டேன். அது எப்பவோ தொலைஞ்சு போச்சுன்னுட்டாங்க."

தொலைந்து போச்சாம். பாலிஷம்மாவுக்குக் காது மடல் சூடானது. தெருவுக்கு இந்தப் பக்கம், பித்தான் டப்பாவில் இருப்பதற்குப் பெயர் தொலைந்துபோனதா? அக்கா அவளிடம் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். தங்கை என்று ஒருத்தியே இல்லை என்றல்லவா சொல்லியிருக்கிறாள்.

"வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கார்," என்றார் தரகர். "கெண்டியாவே சேத்து வெச்சிருக்கிற மனுஷன். வேற மூடி போட்டிருக்குன்னு சொன்னாலும் எடுத்துக்குவார். விலையில கொஞ்சம் பிடிப்பார், அவ்வளவுதான்."

முதலாளி கெண்டியைப் பாலிஷம்மாவின் மேசையில் வைத்தார். "பழைய மூடிப் பெட்டியில ஏதாவது பொருந்துதா பாரு. மாத்தின மூடின்னு சொல்லியே விக்கலாம். அதுல தப்பில்ல."

அவள் கெண்டியைக் கவிழ்த்தாள். அடியில் வாயால் ஊதி, துணியால் ஒற்றி, லென்ஸை வைத்துக் குனிந்தாள். சிங்கம். ஊர்ச் சின்னம். வருஷத்து எழுத்து. அப்புறம் செய்தவர் முத்திரை. இரண்டு எழுத்து. நடுவில் புள்ளி இல்லை. நட்சத்திரம்.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நட்சத்திரம்தான். ஐந்து முனையும் தெளிவாக இருந்தன.

இத்தனை காலமாகத் துணி சுற்றி, டப்பாவில் வைத்து, கண்ணும் கருத்துமாகக் காத்தது இந்தக் கெண்டிக்குப் பிறந்த மூடியே இல்லை. எவர் வீட்டுப் பிள்ளையோ. ஊரார் கெண்டிக்கெல்லாம் மூடியைத் திருப்பிப் பார்த்துச் சாட்சி சொன்னவள், தன் வீட்டு மூடியைக் கெண்டியோடு வைத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கத் தெரியாதபோது கெண்டி கையில் இருந்தது. தெரிந்த பிறகு அது எதிர் வீட்டில் இருந்தது.

முதலில் அவமானமாக இருந்தது. பிறகு, இது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது உறைத்தது. அதன் பின்னால் வந்த எண்ணம் மெதுவாக வந்தது. வந்ததும் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

மாற்று மூடி என்று சொல்லிப் போடுகிற மூடியால் ஒரு கெடுதலும் இல்லை. வாங்குகிறவர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார். இதுதான் அசல் மூடி என்று போட்டு, உள்ளே வேறு முத்திரை இருந்தால்தான் ஆபத்து. சேர்த்து வைக்கிறவர்கள் அதை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். மூடியோடு கெண்டியையும் தூக்கி எறிவார்கள். எறிந்ததை நாலு பேரிடம் சொல்வார்கள். அந்தக் கெண்டியை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

"இதோட மூடி என்கிட்ட இருக்கு," என்றாள்.

எதிர் மேசையில் தட்டுகிற சத்தம் நின்றது. தரகர் வாயைப் பிளந்தார்.

"உங்ககிட்டயா? எப்படிம்மா?"

"எங்க அம்மா கெண்டி இது. அந்தம்மா எங்க அக்கா."

"அட! கடவுளே வந்து கதவைத் தட்டின மாதிரி இல்ல இருக்கு!"

முதலாளி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "முத்திரை பாத்தியா?"

"பாத்தேன்."

அது பொய்யில்லை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. முத்திரை விஷயத்தில் அவளைக் கேட்கிற பழக்கம் போய்ப் பல வருஷமாகிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போய் மூடியை எடுத்து வந்தாள். கீலின் பற்களைக் கெண்டியின் பற்களோடு சேர்த்ததும் அவை ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. யாரோ நல்ல வேலைக்காரர் ஒரு காலத்தில் சேர்த்திருக்கிறார். பழகின கண்ணோடு பார்க்கும்போது, மூடியின் கீல் ஓரத்தில் பற்ற வைத்த மெல்லிய கோடு இப்போது தெரிந்தது. அன்றைக்குப் பட்டறையில் சரி செய்த தடம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சுத்தியல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். "என்ன பாலிஷம்மா, கேக்காமலே கொடுக்குற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஊருக்குப் போறவங்களைச் சும்மா அனுப்பக் கூடாதுல்ல."

"எனக்கு என்னவோ இது ஊமைக் குசும்பு மாதிரித் தெரியுது."

அவள் ஆணியைச் செருகி, லேசாகத் தட்டி, முனையை மழுக்கினாள். பிறகு ஒரு குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி, மூடியின் உள்பக்கம் முத்திரைக்குள் இருந்த அழுக்கை எடுத்தாள். ஒரு தூசு பாக்கி வைக்கவில்லை. தேடிப் பார்க்கிற கண்ணுக்குப் புள்ளி பளிச்சென்று தெரிய வேண்டும்.

தரகர் கெண்டியை முதலில் அக்காவிடம் காட்டப் போனார். அன்று சாயங்காலம் அக்கா தன் ஜன்னலில் வந்து நின்றாள். கையை உயர்த்தவில்லை, கூப்பிடவில்லை. இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிஷம்மா திரையை இழுத்து மூடினாள். திரைக்குப் பின்னால் நின்று, அக்கா எப்போது போகிறாள் என்று பார்த்தாள். சுலபத்தில் போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், பட்டறைப் படியில் காலடி கேட்டது. கனத்த காலடி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. பாலிஷம்மா துணியைக் கீழே வைத்தாள். இந்தக் காலடியைத்தான் அவள் இத்தனை வருஷம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். வருவது என்னவோ அதுதான், வருகிற காரணம்தான் வேறு.

"இருக்காளா அந்த மகராசி?"

அக்காவின் மார்போடு கெண்டி இருந்தது. முகமெல்லாம் வேர்வை. முதலாளி எழுந்தார். "என்னம்மா வேணும்?"

"உங்ககிட்ட ஒண்ணும் வேணாம். இவகிட்டயும் ஒண்ணும் வேணாம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." கெண்டியைப் பாலிஷம்மாவின் மேசையில் டொக்கென்று வைத்தாள். "வாங்கறேன்னு சொன்ன அந்த ஆளு மூடியைத் திறந்து கண்ணாடி வெச்சுப் பாத்தாராம். 'யாரை ஏமாத்த வந்தீங்க'ன்னு கேட்டு வெளியே போகச் சொல்லிட்டாராம். தரகர் என் வாசல்ல நின்னு மூணு மாடிக்கும் கேக்குற மாதிரிக் கத்திட்டுப் போறார். இப்ப வயிறு நிறைஞ்சுதா?"

"பரவால்ல."

"தெரிஞ்சுதானே போட்ட?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

முதலாளி தலையில் கை வைத்தார். "அடிப்பாவி! முத்திரை பாத்தேன்னு சொன்னியே!"

"பாத்தேன்னுதான் சொன்னேன். சரியா இருக்குன்னு சொல்லல."

இந்த ஒரு தடவை பதில் கேட்ட இடத்திலேயே வந்துவிட்டது. அதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம். அக்காவைப் பார்த்தாள். "தொலைஞ்சு போச்சுன்னு சொன்னது நீதானே? கிடைச்சிடுச்சேன்னு சந்தோஷப்படு."

அக்கா சிரித்தாள். சுத்தியல் சொன்னது சரிதான், மாவு மில் ஓடுகிற மாதிரித்தான் இருந்தது.

"தொலைஞ்சுதான்டி போச்சு. அசல் மூடி எப்படித் தொலைஞ்சுதுன்னு தெரியுமா உனக்கு? நீதான் தொலைச்ச. தவழ்ற குழந்தை. அம்மா வேலைக்குப் போயிருந்தா. உன்னை என்கிட்ட விட்டுட்டுப் போயிருந்தா. மூடியைத் தூக்கி ஜன்னல் வழியா வீசின. வண்டிச் சக்கரம் ஏறி தகடாப் போச்சு. உன்னை ஒழுங்காப் பாத்துக்கலைன்னு அடி வாங்கினது யாரு? நான். தையல் கடையில காஜா எடுத்து, முதல் சம்பளத்துல, பழைய சாமான் கடையெல்லாம் அலைஞ்சு, அளவா ஒரு மூடி வாங்கி, கீல் வெச்சுக் கொடுத்தது யாரு? அதுவும் நான். இது என் மூடிடி!"

பாலிஷம்மா மூடியைப் பார்த்தாள்.

"அதனாலதான் கேக்கல," என்றாள் அக்கா. "என் மூடியை நான் எதுக்குடி உன்கிட்ட வந்து கேக்கணும்? கொண்டுவந்து கொடுக்க வேண்டியவ நீ. ஜன்னல்ல உக்காந்து என் சாசரை எண்ணிட்டு இருந்த. தரகர் இதைப் போட்டுக் கொண்டுவந்து காட்டினப்ப, பரவால்லயே, இறங்கி வந்துட்டாளேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். வேற மூடின்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆளு கண்டுபிடிக்க மாட்டாருன்னு வாயை மூடிட்டு இருந்தேன். போகுது, விக்காட்டி விக்காம போகுது. நான் டீ ஊத்திக் குடிச்சுக்கிறேன்." குனிந்து தங்கையின் முகத்துக்கு நேராக வந்தாள். "ஆனா பாத்தியா? கேக்காமலே கொடுத்துட்ட."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைக்கத் தொடங்கினாள். அவ்வளவு படி ஏறி வந்ததற்கு இது போதும் என்கிற மாதிரி நிதானமாகத் துடைத்தாள்.

பாலிஷம்மா கெண்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கீலுக்கு நேராகக் கம்பி உளியை வைத்தாள். எதிர் மேசையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தாள். ஒரு தட்டு. ஆணி மேசையில் விழுந்து உருண்டது. மூடி அவள் கைக்கு வந்தது.

"என்னடி பண்ற?"

"கழட்டிட்டேன்."

"என் மூடின்னு இப்பத்தானே சொன்னேன்!"

"உன் மூடிதான். யாரு இல்லைன்னா? கேளு, தரேன்."

"கொடுடி!"

"அது அதட்டல். நான் கேக்கச் சொன்னேன்."

"ஆமாங்க, அது அதட்டல்தான்," என்றார் சுத்தியல்.

"நீ உன் வேலையைப் பாரு!" என்று அக்கா அவர் மேல் பாய்ந்துவிட்டு மறுபடி திரும்பினாள். பாலிஷம்மா மூடியை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பறித்திருக்கலாம். அக்கா பறிக்கவில்லை. அவளுடைய உதடு பிரிந்தது. அந்த முகத்தை, எந்தக் கெண்டியின் அடியையும் பார்க்காத அளவுக்குக் கூர்ந்து பார்த்தாள் பாலிஷம்மா. உதடு ஒரு முறை மூடித் திறந்தது.

அப்போது அக்காவின் பார்வை மேசை மேல் இருந்த பாலிஷ் பொடி டப்பாவில் விழுந்தது. தகர டப்பா. அதன் தகர மூடி ஓரமெல்லாம் துரு. அக்கா அதைக் கழற்றினாள். ஒட்டியிருந்த சிவப்புப் பொடியைப் பூவென்று ஊதினாள். பொடி பாலிஷம்மாவின் முகத்தில் வந்து படிந்தது. தகர மூடியைக் கெண்டியின் வாயை வெளியே கவ்வும்படி வைத்து அழுத்தினாள். அளவெடுத்துச் செய்த மாதிரி அது உட்கார்ந்தது.

"எனக்கு இது போதும்."

கெண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். இறங்குகிற காலடி ஏறியதைவிட மெதுவாகக் கேட்டது. கீழே போய் ஓர் இடத்தில் நின்றது. பாலிஷம்மாவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு தெருச் சத்தத்தில் அந்தக் காலடி கலந்துவிட்டது.

முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். தரகர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார், பட்டறையின் பெயர் கெட்டது, இனி ஒவ்வொரு முத்திரையையும் தானே பார்க்கப் போகிறேன் என்றெல்லாம் சொன்னார். அவள் முகத்துப் பொடியைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டாள். மின்விசிறிக் காற்றுக்குத் திறந்த டப்பாவிலிருந்து பொடி பறக்கத் தொடங்கியது. கையில் இருந்த வெள்ளி மூடியை டப்பாவின் மேல் வைத்தாள். வாய்க்குள் இறங்கி உட்காருகிற மூடி என்பதால் அது அளவில் சின்னது. வழுக்கி உள்ளே விழுந்து பொடியில் புதைந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முத்திரைக்குள் சிவப்பு ஏறியிருந்தது. புள்ளி எப்போதும் இல்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சுத்தியல் தன் சுத்தியலை எடுத்துக்கொள்ள வந்தவர் கொஞ்சம் தயங்கினார். அவருடைய குரலில் கிண்டலைக் காணவில்லை.

"ஏன் பாலிஷம்மா, அவங்க வாயைத் திறந்து கேட்டிருந்தா, நிஜமாவே கொடுத்திருப்பியா?"

அவள் ஒரு பழைய துணியை நனைத்து டப்பாவின் வாயில் போட்டு மூடினாள். அடுத்துப் பார்க்க வேண்டிய கெண்டியை எடுத்துக் கவிழ்த்தாள்.

"கேக்க மாட்டா," என்றாள்.